ஏழாவது வரிசையின் சாய்வு

பிப்ரவரி 2

அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். நேற்று வைத்தது நீ. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வாக்கியம் முடியும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

"ஏன்டா கவுந்துச்சு, மழுப்பாம சொல்லு" என்று கேட்டாய். மழுப்பாமல் சொல்கிறேன். நீ கவிழ்த்தாய், அது கவிழ்ந்தது.

பின் கேரியரில் எண்பது லிட்டர் பூச்சிமருந்து டேங்க். பாதிதான் இருந்தது என்று நீயே சொன்னாய். சரிவில் பாதி டேங்க் முழு டேங்கைவிட மோசம். உள்ளே இருப்பதெல்லாம் பள்ளத்துப் பக்கம் ஓடி நின்றுகொள்ளும். அடுத்து, சரிவுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தவள் நடுவில் மேட்டைப் பார்த்துத் திருப்பியிருக்கிறாய். உடம்பையும் மேட்டுப் பக்கம் சாய்த்திருக்க மாட்டாய், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருப்பாய். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த ஏடிவியும் உருளும். பைக் மாதிரி கால் போட்டு ஏறுகிற வண்டி, நாலு சக்கரம் இருப்பதால் அது கார் ஆகிவிடாது.

வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. சஸ்பென்ஷன் மேல் பழி போடாதே.

அதை என்ன செய்யப் போகிறீர்கள்? சேஸிஸ் வளைந்திருந்தால் ரிப்பேருக்குக் கொடுப்பது வீண். யாராவது அடியில் குனிந்து பார்த்தார்களா? பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய இரும்புக்குப் போடச் சொல் அத்தானிடம்.

கால் எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 9

டேய் படிப்பாளி,

கால் இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் உடைந்து, மாவுக்கட்டுக்குள், தலையணை மேல், என்னைவிட மரியாதையாக இருக்கிறது. எட்டு வாரம் படுக்கை. பிறகும் ஒரு வருடத்துக்கு மேடு ஏறி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக மேல் சரிவில் மூன்றாவது வரிசை மரங்கள் வரைதான் தெரிகிறது. நான் விழுந்த ஏழாவது வரிசை தெரியவில்லை. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நீட்டிப் பார்க்கிறேன்.

உன் கடிதம் எனக்கு முன்னால் உன் அத்தான் கையில் கிடைத்தது. வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"உன் தம்பியே எழுதிட்டான் பாரு. வண்டியை டெஸ்ட் பண்றதே அவன் பொழப்பு. அவனுக்குத் தெரியாதா?"

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது அந்தக் கடிதம் எனக்கு எழுதியதா அவருக்கு எழுதியதா என்று தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தொப்பிக்காரர் வந்தபோது எடுத்துக் காட்டினார். தொப்பிக்காரர் ஏன் வந்தார் என்று கேள். மேல் சரிவை ஐந்து வருடக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். மார்ச் கடைசியில் எழுதிவிடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும்போதே.

முந்நூற்று நாற்பது ஆரஞ்சு மரம். புதர் வெட்டியது நான், குழி எடுத்தது நான், நாலு வருடம் தண்ணீர் விட்டது நான். இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. அதைத் தொப்பிக்காரர் பறிப்பாராம். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேனாம், அதுவும் மூன்றாவது வரிசை வரை.

உன் அத்தானைத் திட்டாதே. அன்றைக்கு வண்டியை என் காலிலிருந்து தனியாகப் புரட்டித் தள்ளியவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. பயந்துவிட்டார். பயந்த ஆம்பளை அதைப் பயம் என்று சொல்ல மாட்டான், "புத்தி" என்பான். அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ என்னை நாற்காலியில் உட்காருகிறவள் என்று எழுதியிருக்கிறாய். முக்கால் உடம்பை மேட்டுப் பக்கம் தொங்கவிட்டுத்தான் ஓட்டினேன், மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். மேட்டைப் பார்த்தும் திருப்பவில்லை. கடைசி ஒன்றிரண்டு மாதமாகவே அது முன்னைவிட அதிகமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. சொன்னால் நம்ப மாட்டாய்.

நம்பாவிட்டால் போ. எனக்கு ஒரு வேலை செய். சரிவில் சாயாத வண்டி எது என்று பார்த்து எழுது. நடக்க முடியாதவளுக்கு அந்தச் சரிவில் வேறு வழி இல்லை. உன் எழுத்தை வைத்துத்தான் அவர் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறார், உன் எழுத்தை வைத்துத்தான் நான் அவிழ்க்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

நல்ல நேரத்தில் கேட்டாய். எங்கள் நிலையத்தில் இப்போது அதே வேலைதான் நடக்கிறது. தோட்டம், பண்ணை வேலைக்கான மூன்று ஏடிவிகளை வாங்குகிறவர்களுக்காக ஒப்பிட்டு அறிக்கை போடுகிறோம். பின் சஸ்பென்ஷன் பகுதி முழுக்க என்னுடையது. முதல் தடவையாக என் கையெழுத்தில் வெளியே போகப்போகிறது. எங்கள் சூப்பர்வைசரை வண்டி சோதிக்கிற யார்டில் எல்லாரும் திராவகம் என்றுதான் கூப்பிடுவோம், தொட்டதெல்லாம் பொசுங்கும். அவரே "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

பச்சை, சிவப்பு, சாம்பல் என்று வைத்துக்கொள்.

பச்சையில் பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸில் தண்டில். நடுவில் ஒற்றை ஷாக் அப்சார்பர். கூட்டுக்குடும்பம் மாதிரி, ஒருவனை அடித்தால் வீடே ஆடும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியின் முதுகே திரும்பும். ஆனால் பாரம் ஏற்றினால் ஒரு பக்கமாகத் தொங்காது. மூட்டுகளில் தேய்கிற ரப்பர் புஷ் குறைவு, எவன் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். சமதளத்தில் மூட்டை சுமக்க இதைவிட நல்லது கிடையாது. உன் சரிவு சமதளம் இல்லை.

சிவப்பில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் மேலும் கீழும் ஒரு இரும்புக் கை, தனித்தனி ஷாக். தனிக்குடித்தனம். கல்லில் ஏறின சக்கரம் மட்டும் ஏறும், நீ நேராக உட்கார்ந்திருப்பாய். அடிவயிறு தரையிலிருந்து நல்ல உயரத்தில். பாரத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கை ஐந்து படியில் இறுக்கலாம், அதற்கான ஸ்பானர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். ஆண்கள் யாரும் அதைத் தொடுவதில்லை, வாங்கின நாளிலிருந்து இரண்டாம் படியிலேயே ஓட்டுவார்கள்.

சாம்பலும் தனித்தனிதான். ஆனால் கை முன்னாலிருந்து பின்னால் நீள்கிறது, சக்கரம் மேலே போகும்போது கொஞ்சம் பின்வாங்கும். பள்ளத்தில் விழும்போது மெத்தையில் விழுந்தது மாதிரி. பாரம் ஏற்றினால் ஷாக் தானாகவே உயரத்தைச் சரி செய்துகொள்ளும், அது ஒரு நல்ல வித்தை. ஆனால் குறுகல், கனம். ரிப்பேர் என்றால் கம்பெனி ஆள் வர வேண்டும், உன் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த காய்ப்பு முடிந்துவிடும்.

என் கணக்கில் சிவப்பு. இது முடிவு இல்லை, சாய்வு மேஜை சோதனை பாக்கி இருக்கிறது. வண்டியை ஒரு இரும்பு மேஜையில் நிறுத்தி மெதுவாக ஒரு பக்கம் தூக்குவோம், மேட்டுப் பக்கச் சக்கரம் எந்தக் கோணத்தில் காற்றில் நிற்கிறது என்று பார்ப்போம். சங்கிலி போட்டுக் கட்டியிருப்பதால் விழாது. விழுந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒருவன் சொல்வான்.

உன் சரிவின் கோணம் எனக்கு வேண்டும். அத்தானிடம் கேட்காதே, "செங்குத்து" என்பார்.

பழைய வண்டியைப் போட்டாயிற்றா?

தம்பி


பிப்ரவரி 26

டேய்,

கோணம் அளந்தாயிற்று. பைப் பொருத்த வருகிறவர் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவியோடு வந்திருந்தார். கெஞ்சி ஏழாவது வரிசைக்கு அனுப்பினேன். இருபத்து மூன்று டிகிரி என்று என் மாவுக்கட்டிலேயே எழுதிவிட்டுப் போனார். உன் அத்தான் வந்து பார்த்து, "இதென்ன, காய்ச்சலா?" என்றார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் குத்தகைப் பேச்சை எடுத்தார். சிரிப்பே வீண்.

உன் ஒப்பீட்டைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். பச்சை கழுதை, சிவப்பு ஆடு, சாம்பல் எருமை என்று பெயர் வைத்திருக்கிறேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "கவுந்ததும் இதே ஆட்டு ஜாதிதானே? தனித்தனி சக்கரம்னு உன் தம்பி தலையில வெச்சுக் கொண்டாடினது அதைத்தானே?"

நான் என்ன பதில் சொல்ல? அதே கம்பெனி, அதே அமைப்பு, மூன்று வருடப் பழசு. அது கவிழ்ந்தது, இது கவிழாது என்றால் ஏன்? எழுது.

பழைய வண்டியை இரும்புக்குப் போடவில்லை. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். கொட்டகையில் புரட்டிப் போட்டு அடியில் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் பேசினார்.

"இங்க ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு குறுக்குக் கம்பி இருக்கணும்மா. காணோம்."

"விழுந்தப்ப உடைஞ்சிருக்குமோ?"

"உடைஞ்சா துண்டு இருக்கும். போல்ட் ஓட்டை நாலும் சுத்தமா இருக்கு. ஸ்பானர் போட்டு அழகா கழட்டியிருக்காங்க. வேலை தெரிஞ்ச கை."

அந்தக் கம்பி எதற்கு, அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? வேலை தெரிந்த கை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது.

ஆடு எப்போது மேஜை ஏறுகிறது?

அக்கா


மார்ச் 8

அக்கா,

தாமதத்துக்கு வேலைதான் காரணம். மூன்றையும் மேஜையில் ஏற்றியாயிற்று. உன் டேங்க் பாதியில் இருந்ததால் பாதி டேங்க் வைத்தும் பார்த்தேன். வழக்கமாக நாங்கள் வெறும் வண்டி, முழுப் பாரம் இரண்டு மட்டும்தான் பார்ப்போம்.

பாதி டேங்கோடு பச்சை முப்பது டிகிரி வரை நின்றது. மேட்டுப் பக்கப் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்ததும் இருபத்து நாலுக்கு இறங்கிவிட்டது. உன் சரிவில் கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆகவே கழுதை வேண்டாம். எருமை இருபத்தேழு, கல் வைத்தால் இருபத்தைந்து. சிவப்பு முப்பத்தொன்று, கல் வைத்தால் இருபத்தொன்பது. இருபத்து மூன்று டிகிரி சரிவுக்கு அது போதும். ஸ்பிரிங் நாலாம் படியில் இருக்க வேண்டும்.

அத்தானிடம் எண்களைக் காட்டு. பழைய வண்டியையும் இதையும் ஒப்பிடுவது சரியில்லை. வயது வேறு, தேய்மானம் வேறு. மற்றதைப் பற்றி விவரமாகப் பிறகு எழுதுகிறேன். இங்கே நாலு நாளாக உட்கார நேரமில்லை. உட்கார்ந்தாலும் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தையே மூன்று இடத்தில் வைத்து எழுதினேன்.

வலி குறைந்திருக்கிறதா?

தம்பி


மார்ச் 12

தம்பி,

இரண்டு கேள்வி கேட்டேன். கம்பி எதற்கு என்பது ஒன்று, யார் கழற்றியது என்பது ஒன்று. நீ கழுதை, எருமை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய்.

தேய்மானம் என்று எழுதியதைப் படித்ததும் உன் அத்தான், "அப்ப மூணு வருஷத்துல இதுவும் தேயும், மறுபடி விழுவ" என்றார். தொப்பிக்காரருக்கு அவசரம். கடைசி வாரம் என்றது இருபதாம் தேதி ஆகிவிட்டது.

நவம்பரில் நீ ஐந்து நாள் வந்திருந்தாய். ஒரு காலை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்திருந்தாய், கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது, டீயைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னால் "உன் தப்பைத் தூக்கித் தம்பி தலையில போடுறியா" என்பார். நான் சொல்லி ஆகாது. நானே இப்போதெல்லாம் சரிவை நினைக்கும்போது என் உடம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று சரியாகத் தெரியாமல் குழம்புகிறேன். ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்ததுபோலத்தான் ஞாபகம் வருகிறது. நீ எழுதினதைப் படித்துப் படித்து அது என் ஞாபகமாகவே ஆகிக்கொண்டிருக்கிறது.

நேற்று ஊன்றுகோலோடு வாசல்வரை போனேன். வாசலிலிருந்து பார்த்தால் ஐந்தாவது வரிசை வரை தெரிகிறது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

இதை அத்தானுக்குப் படித்துக் காட்டு. அவர் சட்டைப் பையில் இருக்கிற கடிதத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளட்டும்.

கம்பியைக் கழற்றியது நான்.

அதற்குப் பெயர் ஸ்டெபிலைசர் பார். தனித்தனியாக ஏறி இறங்குகிற இரண்டு பின் சக்கரத்தையும் அது கொஞ்சம் கட்டிப் போடும். ஒரு பக்கம் அமுங்கினால் அடுத்த பக்கத்தையும் கூடவே இழுக்கும், அதனால் உடம்பு ஒரேயடியாகப் பள்ளத்துப் பக்கம் சாயாது. ஆனால் அதே காரணத்தால் கல்லில் ஏறும்போது அடி முதுகுக்கு வரும். நவம்பரில் நீ முதுகுவலி என்றாய். "கல்லுல ஏறினா நெஞ்செலும்பு வரைக்கும் கேக்குதுடா" என்றாய். நான் அடியில் படுத்துப் பார்த்தேன். அந்தக் கம்பி இல்லாவிட்டால் மெத்தென்று போகும் என்று எனக்குத் தெரியும். நாலு போல்ட். கழற்றினேன். வெறும் வண்டியில், கீழ்ப் பாதையில், உன்னை ஓட்டச் சொன்னேன். "அடேயப்பா, மிதக்குதே" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கம்பியை யார்டில் அளந்து பார்க்கலாம் என்று பையில் போட்டு எடுத்து வந்தேன். இன்றுவரை அளக்கவில்லை. என் அறையில் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது.

டேங்க் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. சரிவில் குறுக்கே ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. நீ தினமும் செய்கிற வேலை அது இரண்டும்தான். நான் சோதனை செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறவன்.

நீ விழுந்தாய் என்று போன் வந்ததுமே எனக்குத் தோன்றியது. தோன்றியதை நம்பக் கூடாது என்று காரணம் தேடினேன். பாதி டேங்க், திருப்பியது, உட்கார்ந்த விதம். எதையும் நான் பார்க்கவில்லை. பாதி டேங்க் ஒன்றைத் தவிர மற்ற இரண்டும் நானாக எழுதியது.

ஆறாம் தேதி சிவப்பு வண்டியில் கம்பியைக் கழற்றிவிட்டு மேஜையில் ஏற்றினேன். எட்டாம் தேதி கடிதத்தில் இதை நான் எழுதவில்லை. பாதி டேங்கோடு, கல்லும் வைத்து, இருபத்திரண்டு டிகிரியில் சக்கரம் தூக்கிக்கொண்டது. உன் உடம்பு எடைக்கு மணல் மூட்டையை மேட்டுப் பக்கம் முழுக்கத் தொங்கவிட்டும் பார்த்தேன். இருபத்து மூன்று. பாதி டேங்கோடு ஒரு கல்லில் ஏறினால், நீ எப்படி உட்கார்ந்திருந்தாலும் ஏழாவது வரிசையில் அது கவிழ்ந்திருக்கும். நீ மேட்டைப் பார்த்துத் திருப்பவில்லை. வண்டி சாய்ந்ததும் முன் சக்கரம் தானாகத் திரும்பியிருக்கும், மேஜையிலும் திரும்பியது.

அதிகமாகச் சாய்கிறது என்று நீ சொன்னது உண்மை. உன் மேல் தப்பு இல்லை.

திராவகத்திடம் சொல்லிவிட்டேன். மேஜையின் சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"வெறும் வண்டியிலயா டெஸ்ட் பண்ண?"

"ஆமா சார்."

"அறிக்கையில உன் கையெழுத்து வேண்டாம். பாதி டேங்க் சோதனை எல்லா வண்டிக்கும் இனிமே உண்டு. அதை நீதான் பண்ணணும், ஒவ்வொரு தடவையும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் யார்டைச் சுற்றி நடந்து தீர்த்திருப்பேன்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் சொல்லி அந்த நாலு ஓட்டையையும் அத்தானுக்குக் காட்டு. நான் எழுதியதை மட்டும் நம்ப வேண்டாம்.

தம்பி


மார்ச் 21

தம்பி,

பதினேழாம் தேதி உன் கடிதம் வந்தது. மூன்று நாள் யாரிடமும் காட்டவில்லை. உன்னைத் திட்ட வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை எல்லாம் இங்கே எழுதினால் தபால்காரர் கொண்டுவர மாட்டார்.

கம்பியைக் கழற்றியதற்குக் கோபம் இல்லை. முதுகுவலி என்று அழுதவள் நான்தான். ஆறு வாரம் என்னை இந்தக் கட்டிலில் போட்டு, "நீ கவிழ்த்தாய்" என்ற ஒரு வரியை என் மேல் வைத்துவிட்டு நீ மூன்று வண்டிக்கு நிறம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான். மாவுக்கட்டு கனம் தெரியவில்லை எனக்கு. அந்த வரி தெரிந்தது.

நேற்று காலை தொப்பிக்காரர் பத்திரத்தோடு வந்தார். உன் அத்தான் கூடத்து மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். நான் ஊன்றுகோலோடு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தேன். டீ, போல்ட், மணல் மூட்டை, எல்லாம். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலை வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் அத்தான் எழுந்து கொட்டகைக்குப் போனார். வண்டி இன்னும் அங்கேயேதான் புரண்டு கிடக்கிறது. குனிந்து பார்த்தாரோ என்னவோ, திரும்பி வந்தபோது முழங்காலில் மண்.

"அப்ப உன் மேல தப்பில்ல."

"அதைத்தான் ஆறு வாரமா சொல்றேன்."

"நீ சொன்ன."

"நான் சொன்னா ஒட்டல. என் தம்பி எழுதினாத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

தொப்பிக்காரர் நல்ல மனிதர், "நான் இன்னொரு நாள் வரேன்" என்றார். உன் அத்தான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "இன்னொரு நாள் வேண்டாம்ணே" என்றார். நான் கேட்டேன். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதே. நேற்று சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "குத்தகை இல்ல. ஆனா நீ ஓட்டாத, ஆள் வெச்சுக்கலாம்" என்றார். ஆள் வைத்தால் அவன் எந்த மரத்துக்கு எவ்வளவு மருந்து என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வரவேண்டும், நான் ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும். முடியாது என்றேன். "பயமா இருக்குடி" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் இப்போதுதான் கேட்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் சொன்னால் யார் ஓட்டுவது?

ஆட்டுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. சிவப்பு. ஏப்ரல் பதினைந்துக்கு வரும். அதற்குள் கட்டும் பிரித்துவிடுவார்கள். நீ வர வேண்டும். வந்தால் ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது, சீட்டுக்கு அடியில் இருக்கிறதையும்தான். ஸ்பிரிங்கை நாலாம் படிக்கு நானே இறுக்குவேன், நீ வாயால் சொன்னால் போதும். டேங்கில் பாதி ஊற்றுவேன். ஏழாவது வரிசையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நான்தான் ஓட்டுவேன்.

நீ ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்வாய். வேண்டாம். நீ ஓட்டி அது கவிழாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்குத்தான் தெரியும். உன் எண்களை நம்புகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். உன் அத்தான் மேட்டுப் பக்கம் நிற்பார். நீ பள்ளத்துப் பக்கம் நில்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

சரிவில் ஓடுகிற வண்டிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. எங்கள் யார்டில் சுவர் முழுக்க எழுதிப் போட்டிருக்கும் முதல் விதி அதுதான். மீறினால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பள்ளத்துப் பக்கம் நான் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு கல்லை வைத்து அடையாளம் போட்டு வை. பதினாலாம் தேதியே வந்துவிடுகிறேன்.

தம்பி